ஜி.பி. ராம் நினைவகம்

மனசு இளகியவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. இரங்கல் கூட்டம் ஒன்று நடக்கும், மலர்வளையம் வரும், பெரிய அதிகாரி ஒருவர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொள்வார். அதையெல்லாம் பார்த்து நீங்கள் அழ வேண்டாம். அழத்தான் வேண்டும் என்று தோன்றினால் தபால் அக்காவுக்காகக் கொஞ்சம் அழுங்கள். அவள் உயிரோடு இருந்தாள். அவளுடைய சிக்கலே அதுதான்.

தபால் அக்கா அளவை வாரியத்தின் கிளை அலுவலகத்தில் வேலை பார்த்தாள். உள்ளே வருகிற தபால்களைப் பிரித்து, எது யாருக்கு என்று கணினியில் ஏற்ற வேண்டும். அளவை வாரியம் என்றால், கடைக்காரரின் தராசு நேராக நிற்கிறதா, துணிக்கடையின் அளவுகோல் தேய்ந்து குட்டையாகிவிட்டதா என்று பார்ப்பதற்காக ஏற்பட்ட வாரியம். ஆனால் தராசுகளைப் பார்ப்பதை அது எப்போதோ விட்டுவிட்டது. தன்னைத்தானே பார்த்துக்கொள்ளவே அதற்கு நேரம் போதவில்லை.

அவளுடைய அறை மாடிப்படிக்கு அடியில். படியில் யார் ஏறினாலும் அவள் தலைமேல் நடந்துதான் போக வேண்டும். அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அதன் முன்னால் பழைய கோப்புக் கட்டுகளை அடுக்கி, கட்டுகள் சரியாமலிருக்க பீரோவை முட்டுக் கொடுத்து, பீரோ நகராமலிருக்க அதன் தலையில் இன்னும் கொஞ்சம் கோப்புகளை ஏற்றியிருந்தார்கள். வெளியே வெயிலா மழையா என்பதை உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

கணவர் தையற்காரர். தூரத்து ஊரில் கடை. விடிகாலையில் பஸ் ஏறினால் பொழுது சாயும்போது போய்ச் சேரலாம். மகள் அவரோடு இருந்தாள். மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது தபால் அக்கா அந்த ஊருக்கு மாற்றல் கேட்டாள். மகள் எழுந்து நின்று, நடந்து, பல் முளைத்து, முளைத்த பல் விழவும் தொடங்கிய பிறகு ஆணை வந்தது. அதன் கடைசி வரி இது: தன் பொறுப்பிலுள்ள வாரியச் சொத்துகளை நல்ல நிலையில் ஒப்படைத்த பின்னரே இவர் விடுவிக்கப்படுவார்.

அவள் பொறுப்பில் இருந்தவை ஒரு நாற்காலி, ஒரு முத்திரைக் கட்டை, ஒரு மடிக்கணினி. நாற்காலியின் ஒரு கால் ஆடும். ஆனால் வரும்போதே ஆடியது என்று பதிவாகியிருந்ததால், வாரியத்தின் கணக்கில் அது நல்ல நிலை. தடுக்கியது மடிக்கணினிதான்.

அது ஒரு காலத்தில் இயக்குநர் மேசையில் இருந்தது. அவருக்குப் பழசானதும் துணை இயக்குநருக்குப் போனது. அவரும் அலுத்துக்கொண்டபின் மேலாளருக்கு. இப்படியே ஒவ்வொரு மாடியாக இறங்கி, இறங்குவதற்கு வேறு மாடி இல்லாததால் படிக்கு அடியில் வந்து தங்கிவிட்டது. ஒரு பக்கக் கீல் உடைந்து, மூடி எப்போதும் ஒருக்களித்தே நிற்கும். காலையில் எழுப்பினால் உள்ளே விசிறி இருமும். அந்த வயதுக்கு மரியாதை கொடுத்து, தபால் அக்கா அதைப் ‘பெரியவர்’ என்றுதான் சொல்வாள்.

மாற்றல் ஆணை வந்த வாரத்தில் பெரியவர் படுத்துவிட்டார். கடிதம் பாதியில் இருக்கும்போது திரை நீலமாகும், ஏதோ மன்னிப்புக் கேட்கும், அணைந்துபோகும். மறுபடி எழுப்பினால் சில சமயம் எழுவார். எழாதபோது திரை இருட்டாகவே இருக்க, பீப் பீப் என்று விக்குவார்.

“பெரியவருக்கு நினைவு தப்பிடுதுங்க,” என்று கணவரிடம் போனில் சொன்னாள்.

“யாருக்கு? உங்க மேனேஜருக்கா?”

“அவருக்குத் தப்பினா யாருக்குத் தெரியப்போகுது? லேப்டாப்புக்கு. ரிப்பேர்க் கடையில விசாரிச்சேன். உள்ள ராம்னு ஒரு சின்னப் பலகை இருக்காம். அதுதான் கெட்டிருக்கும், பின்னாடி கழட்டி மாத்திட்டா சரியாயிடும்னாங்க.”

“அவ்வளவுதானே? ஊசி உடைஞ்சா ஊசிய மாத்தறோம்.”

“இது ஆபீஸ் ஊசிங்க.”

அந்தப் பக்கம் தையல் இயந்திரம் ஓடி நின்ற சத்தம் கேட்டது. பிறகு மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அம்மா, பெரியவருக்கு நினைவு வந்ததும் நீ வந்துடுவியா?”

“உடனே வந்துடுவேன்டா கண்ணு.”

பாவம், அவள் உண்மையாகவே அப்படி நம்பித்தான் சொன்னாள்.

மறுநாள் மேலாளரிடம் போனாள். மேலாளர் எதையும் மறுப்பவரில்லை. விளக்குவார்.

“பின்னாடி கழட்டறதா? அங்க ஒரு சீல் ஒட்டியிருக்கே, பாத்தீங்களா? சீல்னா என்னம்மா? நம்பிக்கை. வாரியம் உங்க மேல நம்பிக்கை வெச்சிருக்கு. அதனாலதான் நீங்க திறந்துடக் கூடாதுன்னு சீல் ஒட்டியிருக்கு.”

“என் கைக்காசு போட்டு நானே மாத்திடறேன் சார்.”

மேலாளர் பதறிப்போனார். “சொந்தமா சரி பண்றதா! இன்னைக்கு நீங்க பண்ணுவீங்க. நாளைக்கு இன்னொருத்தர் பண்ணுவார். இப்படியே விட்டா இந்த ஆபீஸ்ல எல்லாமே வேலை செய்ய ஆரம்பிச்சுடும். அப்புறம் பழுதுப் பிரிவுல இருக்கிறவங்க குடும்பம் என்னம்மா ஆகறது? அவங்களுக்கும் பிள்ளைங்க இருக்கில்ல?”

பிள்ளைகள் என்றதும் அவள் பழுதுப் பிரிவுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பழுதுப் பிரிவிலிருந்து ஆள் வருவதற்குள் அவள் மகளுக்கு இன்னொரு பல் விழுந்துவிட்டது. வந்தவர் சட்டைப்பையில் ‘கண்டறிபவர்’ என்று அட்டை குத்தியிருந்தார். பெரியவரைக் குப்புறப் போட்டார். சீலைக் கிழித்தார். திருகாணிகளைக் கழற்றி ஒரு பாட்டில் மூடியில் போட்டார். பின்மூடியைத் தூக்கியதும் தலையணை கிழிந்ததுபோல் தூசி. அதற்குக் கீழே விரல் நீளத்தில் இரண்டு பச்சைப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. இரண்டு பக்கத்துக் கொக்கிகளையும் நகத்தால் விலக்கியதும், மேலே இருந்தது படுக்கையை விட்டு எழுவதுபோல் சாய்வாக எழுந்தது.

“இது நாலு ஜி.பி. அடியில இருக்கிறது சின்னது.”

பெரியதை எடுத்துவிட்டுச் சின்னதோடு எழுப்பினார். பெரியவர் நிதானமாக எழுந்தார். சின்னதை எடுத்துவிட்டுப் பெரியதை வைத்தார். விக்கல். பலகையின் தங்கநிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி வைத்தார். விக்கல். சின்னது இருந்த இடத்துக்கு மாற்றிச் செருகினார். அங்கேயும் விக்கல்.

“எங்க வெச்சாலும் விக்குது. அப்ப இடத்து மேல தப்பு இல்ல. ராம்தான் போச்சு. மாத்தணும்.”

தபால் அக்காவுக்கு முகம் மலர்ந்தது. கண்டறிபவர் அந்தக் கெட்ட பலகையையே எடுத்து, பழைய இடத்தில் வைத்து, டக்கென்று அழுத்திக் கொக்கி மாட்டினார்.

“ஐயோ, கெட்டதையே ஏண்ணே திருப்பி வைக்கிறீங்க?”

“எடுத்தது எடுத்த இடத்துல இருக்கணும்மா. நான் கண்டறியறவன். மாத்தறவர் வேற. நானே மாத்திட்டா அவர் வந்து எதை மாத்துவார்?”

“அப்ப அந்தச் சின்னதை மட்டுமாவது விட்டுட்டுப் போங்களேன். மெதுவாவாவது ஓடுமே.”

“ஓடும். ஓடினா பழுது இல்லைன்னு ஆயிடும். பழுதே இல்லாத இடத்துக்கு நான் எதுக்கு வந்தேன்னு மேல கேப்பாங்களா இல்லையா?”

திருகாணிகளை முடுக்கிவிட்டு, ஒரு தாளில் அவசரமாகக் கிறுக்கிக் கொடுத்தார்: ‘மெமரி காலி. 4 ஜி.பி. ராம் போச்சு. புதுசு வைக்கணும்.’

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். வாரியத்தில் எந்தத் தாளும் சொற்பிரிவைத் தாண்டாமல் மாடி ஏறாது. சொற்பிரிவின் அலுவலர் மிக நல்லவர். மொழி என்றால் உயிர். தாளில் இருக்கிற சொற்களைத் திருத்துவாரே தவிர, பொருளில் ஒருநாளும் தலையிட மாட்டார்; அது தன் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்பார்.

முதலில் ‘மெமரி’யை அடித்து ‘நினைவகம்’ என்று எழுதினார். அழகான சொல். நினைவு தங்குகிற அகம். இயந்திரத்துக்குள் இருப்பதற்கும் அதுதான் பெயர், மறைந்த பெரிய மனிதர்களுக்கு எழுப்புகிற கட்டடத்துக்கும் அதுதான் பெயர் என்றால், சொல்மேல் என்ன குற்றம்? அடுத்து ‘4’. பட்டியல் எண் என்று நினைத்தார்; ஒன்று, இரண்டு, மூன்றைக் காணவில்லை. வரிசை தவறியது என்று நீக்கிவிட்டார். ‘ஜி.பி. ராம்’ என்பதைக் கண்டதும் பேனாவை விலக்கிக்கொண்டார். தலைப்பெழுத்தோடு கூடிய ஆள்பெயர். அதை மொழிபெயர்க்கக் கூடாது. கடைசியில் ‘போச்சு’. அவர் முகம் சுருங்கிவிட்டது. ஒரு மனிதரின் பெயருக்குப் பக்கத்தில் ‘போச்சு’ என்றா எழுதுவது? எவ்வளவு மரியாதைக்குறைவு!

தாள் மாடி ஏறியபோது இப்படி இருந்தது: ‘நினைவகம் ஏதுமில்லை. ஜி.பி. ராம் காலமானார். புதியது எழுப்பப்பட வேண்டும்.’

வாரியத்தின் உச்சி மாடியில் நினைவகப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதற்குப் பல காலமாக வேலையே இல்லை. நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாரியத்தில் யாரும் இருந்ததில்லை என்பதால் யார் செத்தும் பயனில்லாமல் இருந்தது. அந்தப் பிரிவை மூடிவிடப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் இந்தத் தாள் வந்து சேர்ந்தது. நினைவக அலுவலர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். பிறகு படிக்கு அடியிலிருந்த போன் அடித்தது.

“அம்மா, அவர் உங்க பொறுப்புலதான் இருந்தாரா?” குரல் தழுதழுத்தது.

மேலிடத்தில் யாரோ பெரியவரைப் பற்றி ‘அவர்’ என்று மரியாதையாகக் கேட்கிறார்களே என்று தபால் அக்காவுக்கு ஒரே மகிழ்ச்சி. “ஆமாங்க சார். ரொம்ப வருஷமா எங்கிட்டதான். அதுக்கு முன்னாடி இயக்குநர்கிட்டயே இருந்திருக்கார்.”

“இயக்குநர்கிட்டயா! கடைசியில எப்படிம்மா ஆச்சு?”

“விக்கல் சார். விடாம விக்கல். எழுப்பினா எழல.”

“வைத்தியம் எதுவும் பாக்கலையா?”

“பாத்தோம் சார். குப்புறப் போட்டு, தூசியெல்லாம் துடைச்சு, ரப்பர் போட்டுத் தேய்ச்சுப் பாத்தாங்க.”

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“ரப்பர் போட்டும் வரலையா?”

“வரல சார். இடம் மாத்தி வெச்சும் பாத்துட்டாங்க.”

“நீங்க தைரியமா இருக்கணும்மா. வாரியம் உங்களைக் கைவிடாது.”

போனை வைத்ததும் அவள் பெட்டியைக் கூடத் தயாராக எடுத்து வைத்துவிட்டாள். இந்த ஆபீஸில் ஒருவர் முழுசாகக் காது கொடுத்துக் கேட்டது அவளுக்கு அதுதான் முதல்முறை.

ஆணை வந்தது. மறைந்த ஊழியர் ஜி.பி. ராம் அவர்களுக்கு இரங்கல் கூட்டம். கிளை அலுவலகத்திலேயே, படிக்கு அடியில், நினைவகம். மறைந்தவரை இறுதிவரை கவனித்துக்கொண்ட தபால் பிரிவு ஊழியர் அதன் நிரந்தரப் பொறுப்பாளர். ஆகவே அவருடைய மாற்றல் ரத்து.

அவள் ஓடினாள். மேலாளர் ஏற்கனவே துக்க முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“சார், ராம்ங்கிறது ஆளே இல்ல சார்!”

“உண்மைம்மா. இனிமே அவர் ஆள் இல்ல. ஒரு இயக்கம்.”

“பலகை சார் அது! விரல் நீளப் பலகை!”

“பலகை என்ன, கல்வெட்டே வைக்கப்போறாங்க. விரல் நீளமெல்லாம் இல்ல, இந்தச் சுவர் அகலம்.”

“உயிரோட இருந்ததே இல்ல சார்!”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். “அம்மா, இந்த வாரியத்துல யாரும்மா உயிரோட இருந்தாங்க? அதுக்காக மரியாதை செய்யாம விட்டுடறதா?” பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “ஆணை தப்புன்னு நீங்க எழுதிக் குடுக்கலாம். உங்க உரிமை. எழுதினா ஆணை நிக்கும். ஆணை நின்னா கோப்பு நிக்கும். கோப்புக்குள்ள உங்க லேப்டாப் இருக்கு, உங்க மாற்றல் இருக்கு. எல்லாம் நிக்கும். பக்கத்துல நீங்களும் நின்னுக்கிட்டே இருப்பீங்க. எழுதறீங்களா?”

அவள் எழுதவில்லை.

அதற்குள் அலுவலகம் ஜி.பி. ராமை நினைவுகூரத் தொடங்கிவிட்டது. கணக்குப் பிரிவுக்காரர் அவரோடு ஒரே குடையில் போயிருந்தார். கண்டறிபவருக்கு அவருடைய சிரிப்பு இன்னும் கண்ணிலேயே நின்றது. மேலாளர், “நான்தான் அவனுக்கு வேலை கத்துக்குடுத்தேன்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லா அறைகளின் சாவியையும் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிற சாவிக்காரர் ஒருவர்தான் அவள் அறையில் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “ஆள் இல்லாம இந்த ஆபீஸ் ஓடும்னு தெரியும்க்கா. இல்லாத ஆள் செத்தும் ஓடுது பாருங்க.”

“நீங்களாவது போய்ச் சொல்லக் கூடாதாண்ணே?”

“சொன்னா என்னை எதுக்காவது பொறுப்பாளரா போட்டுடுவாங்க. இருக்கிற சாவியே இடுப்பு தாங்கல.”

சாயங்காலம் கணவர் கூப்பிட்டார். “உன்னை வரவிடாம பண்ணிட்டுச் செத்தானே, அவன் யாரு?”

“யாரும் இல்லைங்க.”

“யாரும் இல்லாதவன் செத்ததுக்கா உன்னைப் பிடிச்சு வெச்சிருக்காங்க?”

மகள் வாங்கிப் பேசினாள். “பெரியவர் செத்துட்டாராம்மா?”

“இல்லடா.”

“அப்ப நினைவு வந்துடுச்சா?”

“இல்லடா.”

“அப்ப நீ?”

தலைக்கு மேல் யாரோ படியேறிப் போனார்கள். அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். 

இரங்கல் கூட்டத்துக்கு இயக்குநரே வந்துவிட்டார். மேடையில் பெரிய படச்சட்டம் ஒன்று, பூவெல்லாம் வைத்து, உள்ளே வெறுமையாக நின்றது. ஜி.பி. ராமின் படம் எங்கேயும் கிடைக்கவில்லை. விளம்பரம் பிடிக்காதவர் என்று மேலாளர் காரணம் சொன்னார்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். “நண்பர்களே, ஜி.பி. ராமை நான் பார்த்ததில்லை. உங்களில் யாரையுமே நான் பார்த்ததில்லை. ஆனால் அவரைப் பற்றிக் கேட்கக் கேட்க நெஞ்சு விம்முகிறது. அவர் ஒருநாளும் விடுப்புக் கேட்கவில்லை. பதவி உயர்வு கேட்கவில்லை. கேள்வி கேட்கவில்லை. அவர் இருந்ததே யாருக்கும் தெரியவில்லை என்றால், அவருடைய ஒழுக்கத்தை எண்ணிப் பாருங்கள்! நீங்கள் ஒவ்வொருவரும் இல்லாதவர்களைப் போல் இருந்தால் இந்த வாரியம் எவ்வளவு சிறப்பாக நடக்கும்!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு நிரந்தரப் பொறுப்பாளரைப் பேச அழைத்தார்கள்.

தபால் அக்கா மைக் முன்னால் நின்றாள். பொய் சொல்ல வரவில்லை. உண்மையைச் சொன்னால் எல்லாம் நின்றுவிடும். அதனால் பெரியவரைப் பற்றியே பேசினாள்.

“எங்கிட்ட வரும்போதே பெரியவருக்கு வயசாயிடுச்சு. மேல இருக்கிறவங்க எல்லாரும் நல்லா வேலை வாங்கிட்டு, முடியாமப் போனப்புறம் கீழ தள்ளி விட்டுட்டாங்க. காலையில எழுப்பினா இருமிக்கிட்டே எழுவார். எழுந்துட்டா என் மடியை விட்டு இறங்க மாட்டார்.”

முன் வரிசையில் லேசாகச் சலசலத்தது. “குழந்தை மனசு அவனுக்கு,” என்று மேலாளர் பக்கத்தில் விளக்கினார்.

“நான் சொல்றதையெல்லாம் ஞாபகம் வெச்சுக்கத்தான் பாத்தார். முடியல. பாதி வார்த்தையில எல்லாம் மறந்து, நீலமா ஆயிடுவார். ஒரு சின்ன உதவி பண்ணியிருந்தா பிழைச்சிருப்பார். ஒரு நிமிஷ வேலை. யாரும் பண்ணல. என்னையும் பண்ண விடல.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வீட்டுல என் பொண்ணு, பெரியவருக்கு நினைவு வந்துடுச்சாம்மான்னு தினமும் கேக்கறா. நான் என்ன சொல்றது?”

அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள். மண்டபமே அழுதது. இயக்குநர் கைக்குட்டையை எடுத்தார். சாவிக்காரர் அழுதாரா சிரித்தாரா என்பது யாருக்கும் தெரியாது. தூணுக்குப் பின்னால் அவர் சாவிகள் குலுங்கிக்கொண்டிருந்தன.

கண்ணைத் துடைத்த இயக்குநர் எழுந்து வந்தார். “கல்வெட்டில் பொறிக்க வேண்டும். அவருக்குச் சொந்த ஊர் எது?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேலாளர் அவளைப் பார்த்தார். வெறும் சட்டம் அவளைப் பார்த்தது. அவள் வாயில் இருந்தது ஒரே ஓர் ஊர்தான். அதைச் சொன்னாள்.

வாரியத்திடம் அவள் சொன்ன முதல் பொய் அது. வாரியம் அவளை நம்பிய முதல் வார்த்தையும் அதுதான்.

இயக்குநர் ஒரு கணம் கண்ணை மூடினார். கூட்டத்தில் இன்னும் ஒரு கைதட்டல் மிச்சமிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மைக்கைப் பிடித்து, “அப்படியானால் ஜி.பி. ராமின் நினைவகம் இந்தப் படிக்கு அடியில் இருக்கக் கூடாது! அவர் பிறந்த மண்ணிலேயே எழ வேண்டும்!” என்றார்.

இப்படித்தான் தபால் அக்கா ஊர் போய்ச் சேர்ந்தாள். ‘மறைந்தவர் பயன்படுத்திய கருவி’ என்று அட்டை கட்டிய பெரியவரும் கூடவே போனார். பஸ்ஸில் வழியெல்லாம் அவள் மடியிலேயே இருந்தார். மாற்றும் பிரிவுக்காரர் கடைசிவரை வரவில்லை.

கடைத்தெருவில் வாரியத்துக்குச் சொந்தமான பழைய தராசுக் கிடங்கைப் பெருக்கி, சுண்ணாம்பு அடித்து, நினைவகம் ஆக்கினார்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் பெரியவர். சுவரில் அதே வெறும் சட்டம். தையற்கடை எதிர்ச் சாரியில், கூப்பிட்டால் கேட்கிற தூரம். அந்த அறைக்கு ஜன்னல் இருந்தது. முதல் நாள் அவள் வேறு ஒரு வேலையும் செய்யவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மத்தியானம் கணவர் தையல் இயந்திரத்துத் திருப்புளியோடு வந்தார். ரிப்பேர்க் கடையிலிருந்து புதுப் பலகை ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மூடியைக் கழற்றினார். கொக்கிகளை விலக்கினார். பழையது சாய்ந்து எழுந்தது. புதியதைச் சாய்வாகச் செருகி, டக்கென்று படுக்கவைத்தார். ஊசியில் நூல் கோக்கிற நேரம்கூட ஆகவில்லை. பெரியவர் ஒருமுறை இருமி, கலகலவென்று ஒரு ராகம் பாடி எழுந்தார்.

“இதுக்காடி இத்தனை வருஷம்?” என்றார் கணவர்.

“சத்தம் போடாதீங்க. யார் காதுலயாவது விழுந்துடப்போகுது.”

ஏன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். கருவி நல்ல நிலைக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால் வாரியம் அதைத் திரும்பக் கேட்கும். பலகை மாற்றினால் சரியாகிற விஷயம் என்று தெரிந்தால் ராம் யார் என்று தெரிந்துவிடும். நினைவகத்தை மூடி, அவளைப் பழையபடி படிக்கு அடியில் கொண்டுபோய் வைப்பார்கள். முன்பு பெரியவர் எழவில்லை என்பதால் அவளால் அங்கிருந்து போக முடியவில்லை. இப்போது பெரியவர் எழுந்துவிட்டார் என்று தெரிந்தால் அவளால் இங்கே இருக்க முடியாது. ஆகவே ஜீப் சத்தம் கேட்டால் போதும், பெரியவரை அணைத்துப் பெட்டிக்குள் வைத்து, துக்கமாக நின்றுகொள்வாள். ஜீப் வராத பிற்பகல்களில் பெரியவர் மகளின் மடியில் இருப்பார். பள்ளிவிட்டு வந்ததும் அதில் படம் வரைவது அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

நினைவு நாள் வந்தது. இயக்குநர் வந்தார். மேலாளர் வந்தார். நினைவக அலுவலர் ஆள் உயர மலர்வளையத்தோடு வந்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ஒருக்களித்திருந்த மூடியை மரியாதையாக நிமிர்த்தி, பெரியவர்மேல் மலர்வளையத்தைச் சாத்தினார்கள். எல்லோரும் தலைகுனிந்து மௌனமாக நின்றார்கள்.

மலர்வளையம் கனமானது. அது மெல்லச் சரிந்து, எழுப்புகிற பொத்தான்மேல் உட்கார்ந்தது.

பெரியவர் இருமினார். பிறகு, அந்த மௌனத்தின் நடுவில், கலகலவென்று பாடினார்.

 தபால் அக்காவின் கண்ணுக்கு முன்னால் படிக்கட்டும், பீரோவும், ஜன்னலை மறைத்த கட்டுகளும் வரிசையாக வந்து நின்றன. மகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

இயக்குநர் கண்ணைத் திறக்கவில்லை. கூப்பிய கையோடு, நடுங்கும் குரலில், “ஐயா நம்மை மறக்கவில்லை,” என்றார்.

அப்போது திரையில் வெளிச்சம் வந்தது. அதில் ஒரு மனிதர் இருந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய மூக்கு, கழுத்தில் மாலைபோலத் தொங்குகிற அளவு நாடா. முந்தின நாள் மாலை மகள் தன் அப்பாவைப் பார்த்து வரைந்து, திரைக்கு வைத்த படம்.

“படம்!” என்று கத்தினார் நினைவக அலுவலர். “இத்தனை நாளாகத் தேடிய படம்!”

“அதே மூக்கு,” என்றார் மேலாளர். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. “நான்தான் அவனுக்கு வேலை கத்துக்குடுத்தேன்.”

இயக்குநர் கண்ணைத் திறந்து, திரைக்கு அருகே குனிந்தார். “கழுத்தைப் பாருங்கள். அளவு நாடா! சாகும்போதுகூட அதைக் கழற்றவில்லை. அளவை வாரியத்துக்காகவே பிறந்த பிறவி!”

பெரியவர் எப்படி எழுந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கூட்டக் குறிப்பில், மௌன அஞ்சலியின்போது மறைந்தவர் தகுந்த முறையில் பதிலளித்தார் என்று எழுதிக்கொண்டார்கள். சொற்பிரிவு அதில் திருத்த ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டது. அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, எல்லாக் கிளைகளிலும் மாட்டும்படி ஆணை போயிற்று. ஊழியர்கள் தினமும் காலையில் அதன்முன் நின்று, இல்லாதவர்களைப் போல் இருப்போம் என்று உறுதி எடுத்துக்கொள்கிறார்கள்.

நினைவகத்தின் வெறும் சட்டத்துக்கும் அந்தப் படம் வந்த அன்று, ஜீப்புகள் போன பிறகு கணவர் கடையிலிருந்து வந்தார். சட்டத்துக்குள் ஏறிவிட்ட தன் முகத்தை, அதைச் சுற்றியிருந்த பூவை, இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“மூக்கு இவ்வளவு பெரிசா இருக்கா எனக்கு?”

“இருக்குப்பா,” என்றாள் மகள்.

“சரி. இனிமே அந்த ஆபீசருங்க வந்தா நான் கடையை அடைச்சுட்டு உள்ள போயிடணுமா?”

“ஆமாங்க,” என்றாள் தபால் அக்கா.

“உசுரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?”

“சொன்னா என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க.”

அவர் கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றினார். விரலில் மெதுவாகச் சுற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அப்ப சாப்பாட்டை எடுத்து வை,” என்றார். “செத்தவனுக்குப் பசிக்குது.”